பரதத்தோடு நிற்காமல்: பல்கலைக்கழகத்தில் பல நாட்டு நடனங்களைப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

அரங்கேற்றம் முடித்துவிட்டு, பிளஸ் டூவோ இளங்கலையோ முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "டான்ஸைத்தான் படிக்கணும், ஆனா பரதம் மட்டும் போதாது. மத்த நாட்டு ஆட்டங்களையும் படிக்கணும். எங்கே சேரலாம்?"

எங்கே என்பதை அப்புறம் பார்ப்போம். ஆறு நாட்டு ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு உருப்படி கற்றுவர ஆசை என்றால் பல்கலைக்கழகமே வேண்டாம், கோடை விடுமுறைப் பயிலரங்குகளே போதும். உங்கள் உடம்புக்குப் பழகிய ஆட்டத்தோடு முட்டிக்கொள்ளும் இன்னொரு ஆட்டத்தை இரண்டு மூன்று வருடம் விடாமல் கற்று, அந்த முட்டலைப் பற்றி ஒழுங்காக எழுதவும் பழகுவதற்குத்தான் பல்கலைக்கழகம். நான் சொல்லப்போகும் எல்லாமே இந்தக் கணக்கில்தான்.

படி 1: எந்த வகைப் படிப்பு என்று முடிவு செய்யுங்கள்

நடனப் பட்டங்கள் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று வகை.

முதல் வகை, ஒரே மரபில் ஆழமான ஆட்டப் பயிற்சி. சென்னையில் 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா, திருச்சியின் கலைக்காவிரி, தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிரிவு எல்லாம் இந்த வரிசை. மற்ற மரபுகள் இங்கே வரலாற்றுத் தாளில் ஒரு அலகாக வந்து போகும்.

இரண்டாம் வகை, ஒரே கூரையின் கீழ் பல மரபுகளை ஆடவே கற்றுத்தரும் துறைகள். பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பரதமும் கதக்கும் உண்டு. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பரதமும் குச்சிப்புடியும். சாந்திநிகேதனில் மணிப்புரியும் கதகளியும். 1919-இல் சில்ஹெட்டில் மணிப்புரி ஆட்டம் பார்த்துவிட்டு தாகூர் மணிப்புரி ஆசிரியரை வரவழைத்ததில் தொடங்கிய கதை அது. கொழும்பில் கட்புல ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகத்தில் கண்டிய, கீழ்நாட்டு, சப்ரகமுவ மரபுகளோடு இந்திய நடனமும் இருக்கிறது.

மூன்றாம் வகை, நடனத்தை மானிடவியல் கண்ணோடு ஆராயும் படிப்புகள். நடன மானிடவியல், இன நடனவியல், நடன ஆய்வுகள் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் முதுகலையில்தான் தொடங்கும். இங்கே எழுத்துதான் முக்கியம், ஆட்டம் துணைக்கு வரும்.

என் அபிப்பிராயம்: இளங்கலையை முதல் அல்லது இரண்டாம் வகையில் முடித்துவிட்டு, முதுகலைக்கு மூன்றாம் வகைக்குப் போவது நல்லது. ஒரு மரபிலாவது உடம்பு ஊறாமல் ஆய்வுக்குப் போனால் எழுதுவதெல்லாம் பார்வையாளர் குறிப்பாகவே நின்றுவிடும்.

படி 2: இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நேர்காணலில் இதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்பார்கள்.

1960-ஐ ஒட்டி, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யூசிஎல்ஏ) மேன்டில் ஹூட் என்ற இசைப் பேராசிரியர், வேற்று நாட்டு இசையை ஆராய்பவன் அதை வாசிக்கவும் கற்றிருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். நடனத் துறைகளும் மெல்ல அதே பாதைக்கு வந்தன. கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் கலைஞர்களையே அழைத்து வந்து ஆசிரியர் ஆக்கியது. 1962-இல் தஞ்சாவூர் பாலசரஸ்வதி முதல்முறையாக அமெரிக்காவில் ஆடி, வெஸ்லியனிலும் கற்பித்தார். அவருடைய தம்பிகள், மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விஸ்வநாதனும், அங்கேயே நெடுங்காலம் ஆசிரியர்களாக இருந்தார்கள். பல மரபு நடனக் கல்வியின் ஆரம்பப் பக்கங்களிலேயே நம்மவர்கள் இருக்கிறார்கள்.

கானாவிலும் அதே காலத்தில்தான். விடுதலை பெற்று ஐந்தே வருடத்தில், 1962-இல், லேகோனில் உள்ள கானா பல்கலைக்கழகத்தில் இசை, நடன, நாடகப் பள்ளி தொடங்கியது. இசை அறிஞர் குவாபெனா என்கெட்டியாவும் நடன ஆசிரியர் மாவேரே ஒபோகுவும் அதைக் கட்டியெழுப்பினார்கள். அசாந்தி, ஏவே, கா, தக்பாம்பா என்று தனித்தனி மக்களின் ஆட்டங்களை ஒரே பாடத்திட்டத்தில் கொண்டுவந்ததில் புதிய நாட்டை ஒன்றாக்கும் அரசியலும் இருந்தது.

இலங்கையின் பேராதனையில் நடந்ததை நம்மில் பலர் இந்தக் கதையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்றவை அப்படி வந்தவை. சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்து பார்க்கும் வட்டக்களரியில் விடிய விடிய ஆடிய கூத்து, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்கு வந்தது, நேரமும் சுருங்கியது. நான்கு பக்கமும் பார்த்து ஆடிய ஆட்டக்காரர் ஒரே பக்கம் பார்த்து ஆட வேண்டியதானால் வரவு ஆட்டம் (பாத்திரம் களரிக்குள் வரும்போது ஆடுவது) என்ன ஆகும், தாளக்கட்டுகளில் எதை விடுவது, எதை வைப்பது என்ற கேள்விகள் எழுகின்றன. ஒரு ஆட்டம் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும்போது என்னவாகிறது என்பதுதான் இந்தத் துறையின் மையமான விவாதங்களில் ஒன்று. அதற்குத் தமிழிலேயே இப்படி ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

இன்னொரு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஜோன் கேலியினோஹோமோகு. பாலே நடனமும் ஓர் இன மக்களின் நடனம்தான் என்று மானிடவியலாளர் பார்வையில் 1970 வாக்கில் அவர் எழுதிய கட்டுரை துறையையே உலுக்கியது. அதுவரை பாலே 'நடனம்', மற்றதெல்லாம் 'இன நடனம்' என்று ஒரு வழக்கம் இருந்தது. சேர்ந்த பிறகு முதல் பருவத்திலேயே இது கைக்கு வந்துவிடும். படித்துவிட்டு, "பரதம் செவ்வியல், கரகமும் தேவராட்டமும் நாட்டுப்புறம்" என்று நாம் பிரிப்பதையும் அதே அளவுகோலால் அளந்து பாருங்கள். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

படி 3: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

கையில் பணம் குறைவு, ஆனால் ஆய்வில் ஆர்வம் அதிகம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது கோரியோமுண்டுஸ். நார்வே, பிரான்ஸ், ஹங்கேரி, பிரிட்டன் ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2012-இல் தொடங்கிய இரண்டு வருட முதுகலை இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்முஸ் முண்டுஸ் திட்டத்தின் கீழ் வருவதால் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ. கிடைத்தவர்களுக்குக் கல்விக் கட்டணமும் கிடையாது. நாடு விட்டு நாடு மாறிப் படிக்க வேண்டும். போட்டி கடுமைதான்.

அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழகத்தில் 1994-இல் உருவான ஐரிஷ் உலக இசை நடனக் கழகத்தில் இன நடனவியலிலும் ஐரிஷ் மரபு ஆட்டத்திலும் தனித்தனி முதுகலைகள் உண்டு. ஆடுபவர்களும் ஆராய்பவர்களும் ஒரே கட்டடத்தில் இருப்பது அதன் பலம். முனைவர் பட்டம் வரை யோசிப்பவர்களுக்கு ரிவர்சைடில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். நடன ஆய்வில் அமெரிக்காவின் முன்னோடி முனைவர் படிப்புகளில் அதுவும் ஒன்று. பசிபிக் தீவுகளின் ஆட்டங்கள் மேல் ஈர்ப்பு இருந்தால் ஹவாய் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகம். ஹூலா அங்கே பாடமாகவே இருக்கிறது.

பட்டம் அவசரமில்லை, ஒரு வருடம் ஆடிப் பார்க்கலாம் என்பவர்களுக்கு இந்தோனேசிய அரசின் தர்மசிஸ்வா உதவித்தொகைதான் என் முதல் சிபாரிசு. 1974 முதல் நடக்கும் திட்டம். யோக்யகர்த்தா, சுரகர்த்தா, தென்பசார் கலைக் கல்லூரிகளில் அந்த ஊர் மாணவர்களோடு உட்கார்ந்து ஜாவா, பாலி நடனம் கற்கலாம். ராமாயணமும் மகாபாரதமும் தெரிந்த நமக்குக் கதை புரியும். உடம்புக்குத்தான் எதுவும் புரியாது.

படி 4: பாடத்திட்டத்தை வரிக்கு வரி படியுங்கள்

'உலக நடனங்கள்' என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பிப் போகாதீர்கள். தொழில்நுட்பப் பயிற்சி என்ற தலைப்பில் வாரம் ஐந்து நாளும் பாலேயும் நவீன நடனமும், விருப்பப்பாடம் என்ற மூலையில் வாரம் ஒரு மணி நேரம் 'ஆப்பிரிக்க நடனம்' என்று இருந்தால், அந்தத் துறை இன்னும் 1970-க்கு முன்னால் நிற்கிறது என்று அர்த்தம். ஆப்பிரிக்காவில் எந்த நாட்டு, எந்த மக்களின் ஆட்டம் என்று சொல்லாத பாடத்திட்டமும் அப்படியே.

பார்க்க வேண்டியவை: மரபு வகுப்புக்கு நேரடி வாத்தியக்காரர் இருக்கிறாரா, இல்லை ஒலிப்பதிவா? கற்பிப்பவர் நிரந்தர ஆசிரியரா, மணிக்கூலிக்கு வந்து போகிறவரா? ஒரே மரபை அடுத்தடுத்த பருவங்களில் தொடர முடியுமா? கடைசிக் கேள்விதான் முக்கியம். 'அறிமுகம்' மட்டும் இருந்து இரண்டாம் நிலை இல்லாத வகுப்புகள் ஏராளம். துறைக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

படி 5: விண்ணப்பம்

காணொளியில்தான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். அரங்கேற்றத்தில் மூன்று கேமரா வைத்து எடுத்து, நகை மின்ன, முகத்தை மட்டும் நெருக்கிக் காட்டி வெட்டி ஒட்டிய பதிவு தேர்வுக் குழுவுக்கு உதவாது. பயிற்சிச் சேலையில், கால் முதல் தலை வரை தெரிய, கேமராவை அசைக்காமல், வெட்டாமல் எடுங்கள். அடவுகள் இரண்டு நிமிடம், வர்ணத்திலிருந்து ஒரு தீர்மானமும் (அடவுகளின் கோவை) ஒரு சஞ்சாரியும் (ஒரு வரியை அபிநயத்தால் விரிப்பது) மூன்று நான்கு நிமிடம், நீங்களே அமைத்த சின்னத் துண்டு ஒன்று. துறை வேறு ஏதாவது கேட்டிருந்தால் அதன்படி.

நோக்க அறிக்கையில் "மூன்று வயதிலிருந்தே நடனம் என் மூச்சு" என்று தொடங்காதீர்கள். அவர்கள் மேசையில் அப்படி ஐம்பது இருக்கும். எந்தக் கேள்வி உங்களை அரிக்கிறது என்று எழுதுங்கள். உதாரணமாக, நடன ஆசிரியரான நட்டுவனார் தட்டுக்கழியைத் தட்டி, ஆட்டத்துக்கான தாளச் சொற்களாகிய சொல்லுக்கட்டு சொல்லாமல், பதிவு செய்த பாட்டுக்கே பயிலும் தலைமுறைக்கு லயம் எப்படி உடம்பில் ஏறுகிறது? இந்த மாதிரி ஒரே ஒரு கேள்வி இருந்தால் போதும்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நடனத்தில் டிப்ளமா மட்டும் வைத்திருந்தால் பல வெளிநாட்டு முதுகலைகள் அதை இளங்கலைக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. கூடவே ஒரு இளங்கலையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகள் படிக்க 2022-இலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதிக்கிறது.

பணத்துக்கு மேலே சொன்னவை தவிர, இந்தியாவுக்குள் பயில்பவர்களுக்கு மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை உண்டு: 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். இலங்கை, மலேசியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்து படிக்க விரும்புவோர் இந்தியப் பண்பாட்டு உறவுகள் பேரவையின் (ஐசிசிஆர்) உதவித்தொகைகளைப் பாருங்கள்.

படி 6: முதல் பருவம், உடம்போடு ஒரு சண்டை

சேர்ந்தாயிற்று. முதல் அதிர்ச்சி முதுகெலும்பில் வரும். பரதத்தில் அரைமண்டியில் (முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிய பாதி உட்கார்ந்த நிலை) இருந்தாலும் உடல் ஒரே தூணாக நிமிர்ந்து நிற்கும். அப்படித்தான் வருடக்கணக்கில் அடிவாங்கிக் கற்றிருப்போம். கானாவில் பார்த்த ஏவே மக்களின் அக்பாட்ஜா ஆட்டத்தில் முழங்காலைத் தளர்த்தி, உடலை முன்னே சாய்த்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் நடுவில் நெருங்கிப் பிரிய வேண்டும். ஆட்டமே முதுகில்தான். கைகால் சரியாகப் போகும், முதுகு மட்டும் மரக்கட்டையாக நிற்கும். தோளைக் குலுக்கிச் சமாளிப்பார்கள் பலர். ஆசிரியர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம் தாளம். நமக்கு லயம் தெரியும் என்ற மிதப்பில்தான் போவோம். அக்பாட்ஜாவின் இரும்பு மணி பன்னிரண்டு மாத்திரைக்குள் ஏழு தட்டு தட்டும்: 2, 2, 1, 2, 2, 2, 1. கையில் தாளம் போட்டு எண்ணத் தொடங்கினால் கால் தொலைந்துபோகும், ஏனென்றால் கால் போவது நான்கு சம அடியில். மணியை வாயால் சொல்லிக்கொண்டே நான்கு அடியை நடந்து பழகுங்கள், ஆடுவது பிறகு. ஐரிஷ் ஆட்டத்தில் வேறு மாதிரிக் கண்ணி. ஸ்லிப் ஜிக் என்ற ஆட்டத்தின் தாளம் ஒன்பது. ஒன்பது என்றதும் நம் நாக்கு தானாகத் 'தகதிமி தகதகிட' என்று சங்கீர்ணத்துக்குப் போய்விடும். அங்கேயோ மூன்று மூன்றாக மூன்று, 'தகிட தகிட தகிட'. கால் வேகத்தில் நாம் சளைத்தவர்கள் இல்லை, ஆனால் அவர்கள் முன்னங்காலில் எழும்பி ஆடுகிறார்கள், நாம் முழுப் பாதத்தையும் தரையில் அறைகிறோம். கைகளோ இடுப்போரம் சும்மா தொங்க வேண்டும். அபிநயம் பழகிய கைக்கு அது பெரிய தண்டனை.

ஜாவா நடனத்தில் அரைமண்டி போல ஒன்று இருப்பதைப் பார்த்துத் தெரிந்த இடம் என்று நினைத்தால் ஏமாந்தோம். எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போவதை நிறுத்தாமல், கண்ணுக்குத் தெரியாத மெதுவில் நகர்த்த வேண்டும். பார்வை கீழே தரையில். நாம் கண்ணால் சபையைப் பிடித்து வைத்துப் பழகியவர்கள்.

உடல்நலம் பற்றி ஒரு வார்த்தை. சிமெண்ட் தரையில் தட்டிப் பழகிய கால், வெளிநாட்டு நடனக் கூடத்தின் விசைத்தரையில் (அடியை உள்வாங்கி நெகிழும் தரை) கூடுதல் பலத்தோடு தட்டும். சத்தம் வரவில்லை என்று இன்னும் ஓங்கி அறைவோம். அதோடு தினமும் முன்னங்காலில் குதிக்கும் வகுப்பும் சேர்ந்தால் கெண்டைக்கால் தசைநார் கெட்டுவிடும். புதுப் பயிற்சியை மெதுவாகக் கூட்டுங்கள். பல்கலைக்கழகத்தில் இயன்முறை மருத்துவர் இருந்தால் வலி வருவதற்கு முன்பே போய்ப் பாருங்கள்.

படி 7: எழுதப் பழகுங்கள், ஆட்டத்தையும் சேர்த்து

ருடால்ஃப் லாபன் 1928-இல் வெளியிட்ட அசைவுக் குறியீட்டு முறையைப் பல இடங்களில் கற்றுத்தருவார்கள். கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். நடுக்கோட்டுக்கு இடப்புறம் இடது உடல், வலப்புறம் வலது உடல். குறியின் வடிவம் திசை. நீளம் கால அளவு. கறுப்பு நிரப்பினால் தாழ்வு, புள்ளி வைத்தால் நடு, சாய்கோடு போட்டால் உயரம்.

தட்டடவின் முதல் வரியை இதில் எழுதிப் பாருங்கள். அரைமண்டி நிலைக்கு நடுக்கோட்டின் இருபுறமும் ஒட்டி இரண்டு கறுப்புச் செவ்வகங்கள், இடுப்பிலிருந்து வெளியே திரும்பிய கால்களுக்குத் தனிக் குறி. 'தை' என்றதும் எந்தக் கால் எழும்புகிறது, எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது, எந்த நொடியில் தரையைத் தொடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதும்போதுதான், காலைத் தூக்குவது சொல்லுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது, தட்டுவதுதான் சொல்லோடு விழுகிறது என்பது பிடிபடும். பல வருடம் ஆடியும் இதை யோசித்திருக்க மாட்டோம். அதே சமயம் பதம் என்ற அபிநயப் பாடலின் ஒரு வரியை எழுத உட்காருங்கள்: புருவமும் கடைக்கண்ணும் செய்வதை இந்த முறையில் எழுதித் தீராது. குறியீடு எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது என்பதே ஒரு நல்ல பருவக் கட்டுரை.

தினக்குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்த அன்றே எழுத வேண்டும். "இன்று நன்றாக இருந்தது" என்றெல்லாம் வேண்டாம். ஆசிரியர் எந்த உறுப்பைத் தொட்டுத் திருத்தினார், எந்தச் சொல்லால் திருத்தினார், உங்களுக்கு எங்கே எரிச்சல் வந்தது என்று எழுதுங்கள். எரிச்சல் வந்த இடத்தில் பெரும்பாலும் ஆய்வுக்கான விஷயம் இருக்கும்.

படி 8: யாருடைய ஆட்டம்?

இதில்தான் நாம் கேள்வி கேட்பவராகவும் கேட்கப்படுபவராகவும் இருப்போம்.

எல்லா ஆட்டமும் எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. பாலியில் 1971-இல் கூடிய ஒரு கருத்தரங்கு நடனங்களை மூன்றாகப் பிரித்தது: கோயிலின் உள்ளே ஆடும் புனித ஆட்டம், சடங்கோடு சேர்ந்தது, பொழுதுபோக்குக்கானது. சுற்றுலாப் பயணிகளுக்கு எதைக் காட்டலாம் என்ற நெருக்கடியில் பிறந்த பிரிவு அது. எதை எங்கே ஆடலாம் என்பதற்கு இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். நியூசிலாந்து மாவோரி மக்களின் 'கா மாதே' என்ற ஹாக்கா ஆட்டத்துக்குத் தனிச் சட்டமே 2014-இல் வந்தது. அதை வணிகத்துக்குப் பயன்படுத்தினால், அது தே ரவுபராஹா என்ற தலைவர் இயற்றியது, அவர் நாதி தோவா மக்களின் தலைவர் என்று குறிப்பிட வேண்டும். வகுப்பில் கற்றதைக் கலைவிழாவில் ஆடும் முன், ஆசிரியரிடம் அனுமதி கேட்பது வெறும் மரியாதைக்காக என்று நினைக்காதீர்கள்.

அடுத்து நம் முறை. வகுப்பில் யாராவது நிச்சயம் கேட்பார்கள்: பரதம் கோயில் பெண்களிடமிருந்து எப்படி வேறு கைக்குப் போனது? "பழம்பெரும் தெய்வீகக் கலை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சதிர் என்று அறியப்பட்ட ஆட்டம், 1930களில் மெட்ராஸ் மியூசிக் அகாடமி மேடையில் புதுப் பெயரோடு வந்தது, ருக்மிணி தேவி போன்றவர்கள் அதை எடுத்து மாற்றியது, 1947-இன் மதராஸ் தேவதாசி சட்டம், அந்தச் சட்டத்துக்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி, அந்தச் சமூகத்திலிருந்தே சட்டத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும், கற்றுக்கொடுத்த நட்டுவனார்கள், ஆட்டத்தைக் கைவிட நேர்ந்த பெண்கள் எல்லாவற்றையும் போகும் முன்பே படித்துவிட்டுப் போங்கள். இதில் வெட்கப்படவோ வக்காலத்து வாங்கவோ ஒன்றுமில்லை. தெரியாமல் விழிப்பதுதான் அவமானம்.

களப்பணிக்குப் போகும்போது பேட்டி கொடுப்பவரிடம் எழுத்திலோ பதிவிலோ ஒப்புதல் வாங்க வேண்டும், அறநெறிக் குழுவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அதற்கே வாரக்கணக்கில் ஆகும். ஆட்டக்காரரின் ஒரு நாள் போனால் அவருக்கு ஒரு நாள் வருமானம் போகிறது. வெற்றிலை பாக்கோடு நின்றுவிடாதீர்கள், சன்மானத்தை ஆய்வுச் செலவிலேயே கணக்கில் வையுங்கள். எடுத்த காணொளியின் ஒரு படி அவருக்கும் போய்ச் சேர வேண்டும்.

படி 9: ஆய்வேடும் அதற்குப் பிறகும்

தலைப்பை அகலமாக வைக்காதீர்கள். 'பரதமும் ஜாவா நடனமும்: ஓர் ஒப்பீடு' என்பது இருநூறு பக்கத்திலும் அடங்காது. 'இரு மரபிலும் உட்காரும் நிலையிலிருந்து எழுவது எப்படிக் கற்பிக்கப்படுகிறது' என்பது அடங்கும்.

வேலை என்று பார்த்தால், இந்தியாவில் கல்லூரி ஆசிரியராக நெட் தேர்வில் ஆற்றுகைக் கலைகள் என்ற பாடத்தில் நாடகம், அரங்கு ஆகியவற்றோடு நடனமும் இருக்கிறது. வெளிநாட்டு முதுகலையைக் காட்டி விண்ணப்பிப்பதென்றால் அது இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று காட்டும் இணைத்தன்மைச் சான்றிதழை ஊர் திரும்பியதுமே கேட்டு வாங்கிவிடுங்கள். நேர்காணலுக்கு முதல் நாள் ஓடினால் கிடைக்காது. ஆவணக் காப்பகங்கள், விழா நிர்வாகம், பள்ளிக் கலைக் கல்வி, அருங்காட்சியகங்கள் என்று மற்ற கதவுகளும் உண்டு. முழுநேரக் கலைஞராக மட்டும் வாழ்வது இந்தப் பட்டத்தோடும் கடினம்தான். அதைப் படிப்பு தொடங்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

விண்ணப்பிக்க இன்னும் ஒரு வருடம் கையில் இருந்தால் விமானம் ஏறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் தெருக்கூத்து வாத்தியாரிடமோ, பறையாட்டக் குழுவிடமோ, மட்டக்களப்பில் கூத்து கற்பிக்கும் ஓர் அண்ணாவியாரிடமோ போய் அடிப்படையிலிருந்து கற்கலாம். பரதத்தில் நிமிர்ந்த முதுகு அங்கேயே முதல் திருத்தம் வாங்கும். அந்த வருடத்துக் குறிப்பேடு நோக்க அறிக்கைக்கும் பயன்படும்.